மீன்கள் நன்றாக இருக்கின்றன, நத்தையும் இறாலும் மட்டும் சாகின்றன: 2 அடி கடல்நீர்த் தொட்டி, வேலூர்

அகழிக்கரை (சத்துவாச்சாரி):

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் படிக்கும்போதிருந்தே வீட்டில் நன்னீர்த் தொட்டி உண்டு. கடல்நீர் இதுதான் முதல் முறை. தொட்டி 24 x 15 x 15 அங்குலம், புதிதாகச் சொல்லிச் செய்தது. கல்லும் மணலும் போக 70 லிட்டர் தண்ணீர் நிற்கும். உலர்ந்த பாறைதான் போட்டேன். கழிவை மாற்றும் பாட்டில் பாக்டீரியா ஊற்றி, அதற்குத் தீனியாக அம்மோனியம் குளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்துதான் உயிர் எதையும் விட்டேன்.

முதலில் ஒரு ஜோடி க்ளௌன் மீன். நன்றாகச் சாப்பிடுகின்றன, கையைக் கண்டாலே மேலே வருகின்றன. பிரச்சினை மற்றவற்றில்தான். டர்போ நத்தைகள் விட்ட மறுநாளே கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் மல்லாந்து கிடந்தன. நிமிர்த்தி வைத்தாலும் பிடிப்பு இல்லை. க்ளீனர் இறால் தோல் உரித்த ராத்திரியே செத்துப் போனது. ஒரு சிறிய சோவா காலனி (பூப்போல் கூட்டமாக விரியும், பவளத்துக்கு உறவான உயிர்) வைத்தேன், அது இன்னும் சரியாக விரியவே இல்லை.

இப்போதைய அளவுகள்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, உப்பு அடர்த்தி 1.025 (பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்), வெப்பம் பகலில் 29 டிகிரி.

எங்கள் போர் தண்ணீர் டி.டி.எஸ். மீட்டரில் (கரைந்த தாதுக்களின் மொத்த அளவைக் காட்டுவது) 1,400 காட்டும். அதனால் சமையலறை ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்பு கலக்குகிறேன். அது 90 காட்டுகிறது. ஆவியாகிக் குறைவதையும் அதே தண்ணீரால்தான் நிரப்புகிறேன், ஒரு நாளைக்கு சுமார் 2 லிட்டர்.

வாங்கிய கடையில் "புதுத் தொட்டி அப்படித்தான், இன்னும் நாலு நத்தை விட்டுப் பாருங்க" என்கிறார்கள். காரணம் தெரியாமல் இன்னொரு உயிரை உள்ளே விட எனக்கு மனம் வரவில்லை. எங்கே தேடுவது?

பவளமல்லி (காட்பாடி):

தம்பி, இன்னும் நாலு நத்தை விடாமல் நிறுத்தினீர்களே, அது ரொம்ப சரி. நீங்கள் எழுதியதிலேயே பதில் பாதி இருக்கிறது. மீன் நலம், நத்தை, இறால், சோவா மூன்றும் அவதி. முதுகெலும்பு இல்லாதவை மட்டும் சாகும் தொட்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது செம்பு.

ஒரு கேள்வி. உங்கள் சமையலறை ஆர்.ஓ. எந்த வகை? உடம்புக்கு நல்லது என்று செம்புச் சத்து சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த இயந்திரங்கள் இப்போது பல வீடுகளில் இருக்கின்றன. இயந்திரத்தின் முன்பக்கத்திலேயே "காப்பர்" என்று போட்டிருக்கும். மனிதருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை அனுமதி என்றும் சொல்கிறது. திறந்த கடலிலோ லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூட இருக்காது. அதாவது நாம் குடிக்க உகந்தது என்று சொல்லும் 0.05, கடல் நத்தை பிறந்து வளர்ந்த நீரைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல். மீன் இதைத் தாங்கிக்கொள்ளும். வெண்புள்ளி நோய்க்கு மீனைத் தனித் தொட்டியில் வைத்துச் செம்பு மருந்தே கொடுக்கிறோம். அந்த மருந்து அளவில் ஒரு இறாலும் பிழைக்காது.

அடுத்தது அந்த 90. வீட்டு ஆர்.ஓ.வில் சவ்வு வடிகட்டிய தண்ணீரோடு கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையும் கலந்துவிடும் ஒரு திருகு உண்டு. ருசிக்காக வைத்தது. உங்கள் போரில் 1,400 என்றால் அந்தத் திருகு வழியாக என்னென்ன வருகிறது என்று மீட்டர் சொல்லாது. டி.டி.எஸ். மீட்டருக்கு மொத்தம்தான் தெரியும். 90-க்குள் இருப்பது வெறும் சமையல் உப்பா, நைட்ரேட்டா, சிலிக்கேட்டா, செம்பா என்று அது பிரித்துக் காட்டாது. நம் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கே வேலூர் பெயரில்தான் இருக்கிறது.

இப்போது நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது. உப்பு போகாது, செம்பும் போகாது. நீங்கள் தினம் 2 லிட்டர் ஊற்றுகிறீர்கள். தொட்டியின் மொத்த நீர் 70 லிட்டர். ஐந்து வாரத்தில் ஒரு தொட்டி அளவு ஆர்.ஓ. தண்ணீர் கூடுதலாக உள்ளே போய், அதிலிருந்த தாதுக்கள் அத்தனையும் தங்கிவிடுகின்றன. சாம்பார் சுண்டச் சுண்ட உப்பு ஏறுவது போலத்தான். முதல் வாரத்தில் ஆபத்து இல்லாத தண்ணீர் மூன்றாம் மாதத்தில் விஷமாவது இப்படித்தான். தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் வெளியே போகும், ஆனால் புதிய உப்புநீரையும் நீங்கள் அதே ஆர்.ஓ.வில்தானே கலக்குகிறீர்கள்.

எனக்குத் தெரிந்து இங்கே தோற்றுப்போன சின்ன ரீஃப் (பவளம் வளர்க்கும்) தொட்டிகளில் பெரும்பாலானவை விளக்காலோ மோட்டாராலோ தோற்கவில்லை. விளக்குக்குப் பல ஆயிரம் கொடுத்தவர்கள் தினமும் ஊற்றும் தண்ணீரைச் சமையலறைக் குழாயிலிருந்து பிடித்தார்கள்.

செம்பு டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். தொட்டி நீரில் மட்டும் பார்க்காதீர்கள், ஆர்.ஓ. தண்ணீரையும் தனியாகப் பாருங்கள். தொட்டி நீரில் கிட் பூஜ்யம் காட்டினாலும் செம்பு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சாதாரண கிட் பிடிக்க முடியாத அளவிலேயே நத்தைக்குப் பாதிப்பு வரும். தவிர, பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்ப விடும்.

ஹைட்ரோமீட்டரையும் இப்போதைக்கு நம்பாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால் போதும், உப்பு இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தை வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு 35-ஐ அளந்தால் பிசகு வரலாம். நத்தையை விடும்போது பையிலிருந்த நீரின் உப்பையும் அளந்து பாருங்கள். கடைகளில் மீன் மட்டும் வைக்கும் தொட்டியை 1.020 பக்கமாகக் குறைத்து வைப்பது உண்டு. அங்கிருந்து அரை மணியில் 1.025-க்கு வந்த நத்தைக்கும் இதே கதிதான். இரண்டில் எது என்று கிட் வந்ததும் ஓரளவு தெரிந்துவிடும்.

வாலாஜா வாசி:

அக்கா தண்ணீரைச் சொல்லிவிட்டார், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் வெப்பத்தைச் சொல்கிறேன். பகலில் 29 என்பது கொஞ்சம் அதிகம், இப்போதைக்குத் தாங்கும். ஏப்ரல், மே வரட்டும், வெளியே 40-ஐத் தாண்டும்போது மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் தொட்டி 33-க்குப் போய்விடும். 25, 26-ல் வைப்பது நல்லது. 28 வரை சமாளிக்கலாம். 30-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கும்.

சென்னை நண்பர்கள் எடுத்ததும் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்கச் சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நமக்கு ஒரு வசதி உண்டு. இங்கே கோடை வறண்ட வெயில், கடற்கரைபோல் காற்றில் ஈரம் நிற்பதில்லை. தொட்டியின் நீர்ப்பரப்பு மேல் சாய்வாக ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேன் வைத்தால் ஆவியாதலிலேயே 2, 3 டிகிரி இறங்கும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றில் மாட்டிவிட்டால் 27-ஐத் தாண்டும்போது மட்டும் ஓடும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், க்ளௌன் குதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபேன் அவ்வளவு வேலை செய்யாது, ஆனால் அப்போது தேவையும் இருக்காது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஃபேன் ஓடும் நாளில் 2 லிட்டர் 4 லிட்டராகும். அக்கா போட்ட கணக்கு இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கும். ஒரு நாள் ஊற்ற மறந்தால் 70 லிட்டரில் 4 குறைந்து, 35 பி.பி.டி. 37-ஐத் தொடும். சின்னத் தொட்டிக்கு அது பெரிய ஆட்டம். ஆகவே ஃபேன் வாங்கும்போதே தானாக நீர் நிரப்பும் மிதவை செட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

மின்வெட்டுக்கு: இன்வெர்ட்டரில் விளக்கு வேண்டாம், ஹீட்டர் வேண்டாம். நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் மட்டும் ஓடினால் போதும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வைத்திருங்கள். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் மே மாத ராத்திரி மின்வெட்டுதான் எல்லாவற்றிலும் மோசம்.

அகழிக்கரை:

அக்கா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன். கடைசிக் குழலில் காப்பர் கார்ட்ரிட்ஜ். கிட்டில் ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிறம் மாறியது. தொட்டி நீர் லேசாக மாறியது, மாறவில்லை என்றும் சொல்லலாம் போல. அம்மாவிடம் காட்டினேன், "நாம குடிக்கிறதையேதானே அதுங்களுக்கும் குடுத்தோம்" என்று ரொம்ப வருத்தப்பட்டார்.

வாலாஜா அண்ணா, தொட்டி மேற்குச் சுவர் ஓரம்தான் இருக்கிறது. இந்த வாரமே கூடத்துக்கு மாற்றுகிறேன்.

இரண்டு கேள்வி. ஒன்று, மாமல்லபுரம் பக்கத்திலிருந்து கடல் தண்ணீரையே கேனில் கொண்டு வந்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதா? மாமா சரக்கு வண்டி ஓட்டுகிறார், வாரம் ஒரு முறை அந்தப் பக்கம் போவார். இரண்டாவது, ஒருவர் ராமேஸ்வரம் பக்கத்து லைவ் ராக்கும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) கிளைப் பவளமும் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். செம்பு ஏறிய பாறையைத் தூக்கிவிட்டு அதைப் போடலாமா?

ஆம்பூர் அலை:

ஊர் ஆம்பூர், படிப்பது கடல் உயிரியல். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பாறைப் பவளங்கள் எல்லாம், கறும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, ஆர்கன் பைப் பவளம் இவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. கடல் குதிரை, கடல் அட்டை இரண்டும் அதில் உண்டு. இவற்றை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. செத்த பவளத்தின் எலும்புக்கூடும் இதில் அடங்கும். அங்கிருந்து வரும் லைவ் ராக் பெரும்பாலும் அந்த எலும்புக்கூடுதான். சோவாவும் மஷ்ரூம் பவளமும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் எல்லைக்குள்ளிருந்து எதையும் எடுக்கக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த பாறைப் பவளம் என்றால் இறக்குமதிக்கான சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) தாள் கேளுங்கள். 2024 விதிகளின்படி அந்த வகை உயிர்களை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவும் செய்ய வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் படகு படகாகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். மிச்சம் இருந்தது 1998, 2010, 2016 என்று கடல் சூடான ஆண்டுகளில் வெளுத்துப் பெருமளவு செத்தது. அங்கே பிழைத்து நிற்கும் ஒரு கிளையை வேலூரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்காக உடைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. க்ளௌனை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டிவிட்டன. மீன் வாங்கும்போது தொட்டியில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். தீனிக்கும் சீக்கிரம் பழகும்.

கடல் தண்ணீர்: முடியும், பலர் செய்கிறார்கள். ஆனால் கரையோரத்தில் அள்ளக் கூடாது, ஆறோ சாக்கடையோ கலக்கும் இடத்தில் கூடாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உப்பும் குறைந்திருக்கும். கொண்டு வந்ததும் அதிலிருக்கும் மிதவை உயிரிகள் செத்து அம்மோனியா ஏறும், வடிகட்டி இருட்டில் வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் ஆவியாவதை நிரப்ப உப்பில்லாத சுத்த நீர்தான் வேண்டும். கடல் நீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே அக்கா சொன்ன பிரச்சினை அப்படியே இருக்கும்.

பவளமல்லி:

தம்பி ஆம்பூர் அலை சொன்னது அத்தனையும் என் வார்த்தையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி தொட்டியைக் காப்பாற்றும் வேலை. முதலில் தண்ணீர். ரீஃபுக்கென்று தனி ஆர்.ஓ. செட், தாது சேர்க்கும் குழல் எதுவும் இல்லாமல், முடிவில் மிஞ்சிய தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் இரண்டு குழல். மீட்டரில் 0 வர வேண்டும், 5 அல்ல. உங்கள் போர் நீரை நேராக விட்டால் சவ்வு 95 சதவீதத்தைத் தடுத்தாலும் 70 மிஞ்சும், ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும். காவிரி கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்து அதை ஓட்டுங்கள். செலவு பெரிய அளவில் குறையும். அதிலுள்ள குளோரின் சவ்வைக் கெடுக்கும், ஆகவே முன்னால் கார்பன் குழல் கட்டாயம். ஒதுக்கும் தண்ணீரைப் பிடித்து மாடிப்படி கழுவலாம்.

சுத்த நீர் வந்த பிறகு அதில் உப்பு கலக்குங்கள். தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் ஆகும், உப்பு வகைக்கு ஏற்ப மாறும். ஒரு நாள் மோட்டார் ஓடட்டும். வெப்பமும் உப்பும் தொட்டியோடு ஒத்திருந்தால் நாலில் ஒரு பங்கு மாற்றுங்கள், சில நாள் விட்டு மறுபடியும் மாற்றுங்கள். சோவா உள்ளே இருப்பதால் ஒரேயடியாக முழுவதும் மாற்ற வேண்டாம். கூடவே செம்பை உறிஞ்சும் ரெசினை நீரோட்டத்தில் வையுங்கள். பாலி ஃபில்டர் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது, செம்பை எடுத்தால் நீலமாகும், கண்ணாலேயே பார்க்கலாம். நீலம் வருவது நிற்கும்வரை துண்டை மாற்றிக்கொண்டே இருங்கள். உங்கள் பாறையை நான் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். செம்பு மருந்தில் ஊறிய பழைய பாறை என்றால் சொல்லியிருப்பேன், இது அந்த அளவு இல்லை.

சோவாவைத் தொடும்போது கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி இரண்டும் போடுங்கள். சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடுமையான விஷம் உண்டு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவே வேண்டாம். அது ஒட்டியிருக்கும் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உலகத்தில் பல இடங்களில் இருக்கிறார்கள்.

சுத்தம் ஆக ஆகப் பாறையில் பழுப்புப் படலம் வரும், அப்புறம் பச்சைப் பாசி. அதைப் பார்த்துப் பயந்து பாசி மருந்து எதையும் ஊற்றாதீர்கள். பாசிக் கொல்லிகள் பலவற்றில் இருப்பதே செம்புதான். துலக்கி எடுங்கள், தீனியைக் குறையுங்கள், விளக்கு எரிவதை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குள் வையுங்கள். நைட்ரேட் 5, 10-ல் இருப்பது நல்லதே, பூஜ்யத்துக்குத் துரத்த வேண்டாம்.

மாற்றி எடுத்த உப்புநீரைத் தோட்டத்திலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். நம் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் உப்பு போதும். கழிவுநீர்க் குழாயில் நிறையத் தண்ணீரோடு விடுங்கள்.

துண்டு நிறம் மாறாமல் நிற்க ஆரம்பித்த பிறகு, ஒரே ஒரு நத்தை. இரண்டு வாரம் அது கண்ணாடியில் மேய்ந்தால் அடுத்ததைப் பற்றிப் பேசலாம். அதை விடும் முன் டி.ஐ. தண்ணீரின் டி.டி.எஸ்., ரிஃப்ராக்டோமீட்டர் அளவு, வெப்பம் மூன்றையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.